சூழ்ச்சியா, தெய்வத் துணையா? கிரேக்கப் புராண வீரன் எதை நம்பிக் கப்பலேறுவது

ஹோமரின் ‘ஒடிசி’யைப் படித்து முடித்தவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளுள் ஒன்று மட்டும் மாறுவதே இல்லை. டிராய்ப் போரில் 10 ஆண்டுகளும் திரும்பும் வழியில் 10 ஆண்டுகளுமாக வாழ்க்கையின் பாதியைத் தொலைத்துவிட்டு ஒடிசியஸ் தன் ஊரான இத்தாக்காவுக்கு வந்து சேர்ந்தானே, அவனைக் கரை சேர்த்தது அவனுடைய மூளையா, அதீனா தேவியின் துணையா? இன்னும் கறாரானவர்கள் இதையே வேறு விதமாகக் கேட்பார்கள்: அந்தப் புராண உலகத்தில் ஒருவன் கப்பலேறப் போகிறான், இரண்டில் ஒன்றைத்தான் கேட்டுப் பெறலாம் என்றால் எதைக் கேட்பது? இந்தக் கட்டுரை அவர்களுக்காக எழுதப்படுகிறது.

கிரேக்கர்கள் அந்த மூளைக்கு ‘மெட்டிஸ்’ என்று தனிப் பெயர் வைத்திருந்தார்கள். அது ஏட்டறிவு அன்று. காற்று மாறுவதற்குள் பாயைத் திருப்பிவிடும் மாலுமிக்கும், எதிராளி அடுத்து எந்தப் பிடி போடுவான் என்று ஊகித்துவிடும் மல்லனுக்கும் இருக்கும் அறிவு. தமிழில் இதற்கு நெருங்கி வரும் சொல் ‘சூழ்ச்சி’தான். இன்று அது வஞ்சகம் என்ற பொருளோடு சுருங்கிவிட்டது. பழைய வழக்கிலோ, நாலாபக்கமும் எண்ணிப் பார்த்து வழி காண்பதற்கும் அதுவே பெயர். கிரேக்கச் சொல்லுக்கும் இந்த இரண்டு முகங்களும் உண்டு என்பதால், பழைய பொருளையும் சேர்த்தே இங்கே அச்சொல்லைப் பயன்படுத்துகிறேன்.

தொடக்கத்திலேயே ஒரு சிக்கலைச் சொல்லிவிட வேண்டும். கிரேக்கக் கவிஞர் ஹெஸியட் பாடிய தெய்வங்களின் வம்ச வரலாற்றில் மெட்டிஸ் என்பவள் ஒரு தேவி, ஜீயஸின் முதல் மனைவி. அவள் வயிற்றில் பிறக்கப்போகும் மகன் தன் ஆட்சியைப் பறித்துவிடுவான் என்று அறிந்த ஜீயஸ், அவள் அதீனாவைச் சுமந்திருந்தபோதே இனிமையாகப் பேசி மயக்கி அவளை விழுங்கிவிடுகிறார். பிறகு அதீனா அவருடைய தலையிலிருந்து பிறக்கிறாள். சூழ்ச்சியைச் சூழ்ச்சியால் வென்று விழுங்கியவர்தான் தெய்வங்களின் அரசர் என்றால், மனிதனுடைய சூழ்ச்சிக்கும் தெய்வ அருளுக்கும் நடுவே சுவர் எழுப்புவது எளிதன்று. ஆயினும் கதைகளில் ஒன்று மேலோங்கி மற்றொன்று விலகி நிற்கும் தருணங்கள் நிறையவே இருக்கின்றன, அவற்றைக் கொண்டு எடை போட முடியும்.

## எதைக்கொண்டு அளப்பது

அளவுகோல்களை முதலில் வகுத்துக்கொள்ளாவிட்டால், அவரவர்க்குப் பிடித்த வீரன் ஜெயித்த கதையைச் சொல்லிக்கொண்டே பொழுதைப் போக்கிவிடலாம். எனக்கு ஐந்து கேள்விகள் போதுமானவையாகத் தோன்றுகின்றன.

முதலாவது, உயிர் போகும் நெருக்கடியில் அது கைகொடுக்கிறதா என்பது. இரண்டாவது, அது யாருடைய உடைமை, நடுவழியில் பறிபோகக் கூடியதா என்பது. மூன்றாவது, வெற்றிக்குப் பிறகு வந்து சேரும் கணக்கு எவ்வளவு, அதைக் கட்டுவது யார் என்பது. கிரேக்கப் புராணங்களில் ஆடியவன் ஒருவனாகவும் பட்டவன் வேறொருவனாகவும் இருப்பது வழக்கம் என்பதால் இதற்குக் கூடுதல் மதிப்பெண் கொடுக்கிறேன். நான்காவது, அந்த வெற்றியை உடனிருப்பவர்கள் வெற்றி என்று ஒப்புக்கொள்கிறார்களா என்பது, ஏனெனில் புகழில்லாத உயிர் அந்த வீரர்களுக்குப் பெரிதாகப் பொருட்டில்லை. ஐந்தாவது எளிமையானது: அவன் வீடு திரும்புகிறானா?

## ஒரே களத்தில் இரண்டும்: பட்ரோக்லஸ் நினைவுத் தேர்ப் பந்தயம்

தனித்தனியாக எடை போடுவதற்கு முன், இரண்டையும் ஒரே நாளில் ஒரே பாதையில் ஓடவிட்டுப் பார்க்கும் வாய்ப்பை, டிராய்ப் போரைப் பாடும் ஹோமரின் ‘இலியட்’ காவியத்தின் 23ஆம் காண்டம் தருகிறது. தோழன் பட்ரோக்லஸின் ஈமச்சடங்கில் கிரேக்கப் பெருவீரன் அகிலீஸ் நடத்தும் தேர்ப் பந்தயத்தில் ஐந்து பேர் இறங்குகிறார்கள். அவர்களுள் இளையவன் ஆன்டிலோகஸ். அவனுடைய குதிரைகளோ மந்தமானவை. தந்தை நெஸ்டர் மகனை அருகில் அழைத்து, மரவெட்டி பலத்தால் அல்ல, மெட்டிஸால் சிறக்கிறான், மாலுமி அதைக்கொண்டுதான் கப்பலை நேரே செலுத்துகிறான், தேரோட்டி தேரோட்டியை வெல்வதும் அதனால்தான் என்று சொல்லிக்கொடுக்கிறார். திரும்புமிடத்தில் ஓர் ஆள் உயரத்துக்குப் பட்டுப்போன மரக்கட்டை நிற்கிறது, இருபுறமும் இரண்டு வெள்ளைக் கற்கள் சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றன, சக்கரத்தின் குடம் அதை உரசுவதுபோல் நெருங்கிப் போக வேண்டும், ஆனால் கல்லில் மோதிவிடக் கூடாது என்று அங்குலம் அங்குலமாக விளக்குகிறார்.

பந்தயத்தில் முந்தப் பார்க்கிற டயோமிடிஸின் கையிலிருந்து சாட்டையைத் தட்டிவிடுகிறார் அப்போலோ என்ற தெய்வம். அதைப் பார்த்த அதீனா சாட்டையை எடுத்துக் கொடுத்து, குதிரைகளுக்கும் வேகம் ஊட்டுகிறாள். அதோடு நிற்காமல், முன்னால் போய்க்கொண்டிருந்த யூமிலஸின் நுகத்தடியையும் முறித்துவிடுகிறாள். முழங்கையும் வாயும் மூக்கும் கிழிந்து யூமிலஸ் மண்ணில் கிடக்கிறான். அவன்தான் ஐவரிலும் சிறந்த தேரோட்டி என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். டயோமிடிஸ் முதலில் வருகிறான்.

பின்னால் வயதில் மூத்த மெனலாஸுக்கும் ஆன்டிலோகஸுக்கும் இடையே வேறொரு நாடகம் நடக்கிறது. மழைநீர் அரித்துக் குறுக்கிவிட்ட பாதையில் இரண்டு தேர்கள் ஒன்றாகப் போக முடியாது. மோதலுக்கு அஞ்சி மூத்தவர் இழுத்துப் பிடிப்பார் என்று கணக்குப் போட்டு, ஆன்டிலோகஸ் பக்கவாட்டில் நெருக்கி முந்திவிடுகிறான். கணக்கு பலிக்கிறது, இரண்டாமிடம் கிடைக்கிறது. ஆனால் பரிசு வழங்கும்போது மெனலாஸ் எழுந்து ஒன்றே ஒன்று கேட்கிறான்: தேரின் முன்னால் நில், சாட்டையைக் கையில் பிடி, குதிரைகளைத் தொட்டுக்கொண்டு, வேண்டுமென்றே வஞ்சகமாக என் தேரை மறிக்கவில்லை என்று கடல் தெய்வம் பொசைடன் மீது சத்தியம் செய். ஆன்டிலோகஸால் முடியவில்லை. இளைஞனின் மனம் அவசரப்படும், அவனுடைய மெட்டிஸ் மெலிந்தது என்று ஒப்புக்கொண்டு, பரிசாகப் பெற்ற சினைக் குதிரையை விட்டுக்கொடுக்கிறான். மெனலாஸும் நெகிழ்ந்து அதைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறான் என்பது வேறு விஷயம்.

இதில் கவனிக்க வேண்டியது, அதீனாவின் தயவால் வென்ற டயோமிடிஸை யாரும் சத்தியம் செய்யச் சொல்லவில்லை என்பதுதான். இன்றைய வாசகருக்கு நுகத்தடியை முறித்ததுதான் பெரிய மோசடியாகத் தோன்றும். அந்தச் சபைக்கு அப்படித் தோன்றவே இல்லை. தெய்வம் ஒருவன் பக்கம் நிற்பது அவன் மதிப்பைக் கூட்டுகிறது, அவனே செய்த தந்திரமோ விசாரணைக்கு உள்ளாகிறது. சற்று நேரத்தில் நடக்கும் ஓட்டப் பந்தயத்தில் ஒடிசியஸ் அதீனாவிடம் வேண்டிக்கொண்டதும், முன்னால் ஓடிய இளைய அயாக்ஸ் பலியிட்ட மாடுகளின் சாணத்தில் வழுக்கி விழுகிறான். வாயும் மூக்கும் சாணமாக எழுந்து, ‘அந்தத் தேவி தாயைப்போல ஒடிசியஸ் பக்கத்திலேயே நிற்கிறாள்’ என்று துப்புகிறான். கூட்டம் சிரிக்கிறது. நான்காவது அளவுகோலில் தெய்வத் துணை வெகுதூரம் முந்திவிடுகிறது.

## சூழ்ச்சியை மட்டும் நம்பினால்

சூழ்ச்சியின் பலத்தை அளக்க, ஒற்றைக் கண்ணன் பாலிஃபீமஸின் குகையைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ‘ஒடிசி’யின் 9ஆம் காண்டத்தில் வரும் அந்தக் குகைக்குள் எந்தத் தெய்வமும் வரவில்லை. வாசலை அடைத்த பாறை 22 வண்டிகளாலும் நகர்த்த முடியாதது. இரவு இரண்டு பேர், காலையில் இரண்டு பேர், மறுபடி இரவு இரண்டு பேர் என்று தோழர்கள் தின்னப்படுகிறார்கள். முதல் இரவிலேயே உறங்கும் அரக்கனின் ஈரலில் வாளைப் பாய்ச்சிவிட ஒடிசியஸ் நெருங்குகிறான். இரண்டாவது யோசனை அவனைத் தடுக்கிறது. இவன் செத்தால் அந்தப் பாறையை யார் நகர்த்துவது? சூழ்ச்சியின் சாரமே அந்த இரண்டாவது யோசனைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. வீரம் முதல் யோசனையோடு நின்றிருக்கும்.

பிறகு நடப்பதெல்லாம் கைவேலை. கப்பல் பாய்மரம் அளவுக்குக் கிடந்த பச்சை ஒலிவக் கட்டையில் ஓர் ஆள் நீளம் வெட்டி, கூராக்கி, நெருப்பில் வாட்டி இறுக்கி, குகையெங்கும் குவிந்திருந்த சாணத்துக்குள் மறைத்து வைக்கிறார்கள். ஒரு பங்குக்கு 20 பங்கு நீர் கலந்து குடிக்க வேண்டிய மதுவை அரக்கனுக்கு அப்படியே ஊற்றிக் கொடுத்து, தன் பெயர் ‘யாருமில்லை’ என்று சொல்லிவைக்கிறான். கண்ணில் கட்டையைச் சுழற்றுவதைக் கப்பல் தச்சன் துரப்பணம் போடுவதற்கும், கண் பொரிவதைக் கொல்லன் பழுத்த கோடரியைத் தண்ணீரில் முக்கும் சீற்றத்திற்கும் ஹோமர் ஒப்பிடுகிறார். இரண்டுமே தொழிலாளியின் உவமைகள். ‘யாருமில்லை என்னைக் கொல்கிறான்’ என்று அரக்கன் அலற, அண்டை அரக்கர்கள் ‘யாருமில்லையென்றால் தெய்வம் தந்த நோய்தான், வேண்டிக்கொள்’ என்று சொல்லிப் போய்விடுகிறார்கள். அவர்கள் வாயில் வரும் ‘யாரும் இல்லை’ என்பதற்கான கிரேக்கச் சொற்கள் ‘மெட்டிஸ்’ என்றே ஒலிப்பது மொழிபெயர்ப்பில் தொலைந்துபோகும் அழகு.

ஆக, முதல் அளவுகோலில் முழு மதிப்பெண். இரண்டாவதிலும் குறையில்லை, மண்டைக்குள் இருப்பதை யாரும் பிடுங்க முடியாது. மூன்றாவதில்தான் கப்பல் தரை தட்டுகிறது. தப்பிக் கடலில் ஏறிய பிறகு, தோழர்கள் கெஞ்சித் தடுத்தும் கேளாமல், ‘உன் கண்ணைப் பிடுங்கியவன் லாயர்ட்டஸின் மகன், இத்தாக்காவின் ஒடிசியஸ்’ என்று கரையை நோக்கிக் கூவுகிறான். பெயரை மறைத்து வென்றவனுக்கு அந்த வெற்றியைப் பெயரில்லாமல் விட்டுவிட மனம் வரவில்லை. பெயர் கிடைத்ததும் பாலிஃபீமஸ் தன் தந்தை பொசைடனிடம் வேண்டுகிறான்: இவன் வீடு சேரக் கூடாது, சேர்வதுதான் விதியென்றால் காலங்கடந்து, தோழர்களை எல்லாம் இழந்து, பிறர் கப்பலில் சேரட்டும், வீட்டிலும் துன்பத்தையே காணட்டும். டிராயிலிருந்து புறப்பட்ட 12 கப்பல்களில் ஒன்றுகூட ஊர் திரும்பவில்லை. தந்திரத்தின் மறைமுகச் செலவு இதுதான்: அது புகழை விரும்புகிறது, புகழுக்காக வாய் திறந்த கணமே கணக்கு தொடங்கிவிடுகிறது, கட்டுபவர்கள் பெரும்பாலும் உடன் வந்தவர்கள்.

தெய்வங்களோடு நேருக்கு நேர் மோதும் சூழ்ச்சியின் கதி இன்னும் மோசம். கொரிந்து நகரத்து சிசிஃபஸ் மரண தேவனையே விலங்கிட்டான். தனக்கு ஈமச்சடங்கு செய்யாதே என்று மனைவியிடம் சொல்லிவைத்து, அதையே காரணம் காட்டிப் பாதாளத்திலிருந்து மேலே வந்தான். இறுதியில் உருளும் பாறையோடு கட்டுண்டான். புரோமித்தியஸ் எலும்புகளைக் கொழுப்பால் மூடி ஜீயஸிடம் நீட்டினான், நெருப்பை ஒரு தண்டுக்குள் ஒளித்துத் திருடினான். அவன் ஈரலைக் கழுகு தின்றது ஒருபுறம் இருக்க, பண்டோரா என்ற பெண்ணின் வடிவில் வந்த தண்டனை அவன் உதவிய மனிதர்களின் வீட்டுக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

சூழ்ச்சி நுழையவே முடியாத இடமும் ஒன்று உண்டு. சோஃபோக்ளிஸின் ‘ஃபிலொக்டெட்டிஸ்’ நாடகம் கி.மு. 409இல் அரங்கேறியது. பாம்புக் கடியால் புண்ணாகி லெம்னோஸ் தீவில் கைவிடப்பட்டவனிடம் ஹெராக்ளிஸின் வில் இருக்கிறது, அவனும் வில்லும் வந்தால்தான் டிராய் விழும். அவனைத் தீவில் விட்டுவந்ததில் பங்குள்ள ஒடிசியஸே, இளைஞன் நியோப்டலமஸை வைத்துப் பொய் சொல்லி வில்லைக் கவரப் பார்க்கிறான். பொய் பலித்தும் பயனில்லை, ஏனெனில் இளைஞனின் மனம் கேட்காமல் வில்லைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறான். ஒருமுறை ஏமாற்றப்பட்டவன் உண்மையையும் நம்புவதில்லை. கடைசியில் தெய்வமாகிவிட்ட ஹெராக்ளிஸே தோன்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. எதிராளியின் நம்பிக்கைதான் தேவை என்றால் தந்திரக்காரனை அனுப்பக் கூடாது.

## தெய்வத் துணையை மட்டும் நம்பினால்

தெய்வத் துணைக்கு ஆதரவான வழக்கிலிருந்து தொடங்குகிறேன், அது வலுவானது. பார்ப்பவரைக் கல்லாக்கும் மெடூஸாவின் தலையைக் கொய்துவர அனுப்பப்பட்ட பெர்சியஸுக்கு எந்த மனித உபாயமும் போதாது. தெய்வங்களின் தூதர் ஹெர்மஸும் அதீனாவும் வழி காட்டுகிறார்கள். சிறகு முளைத்த செருப்பும், தலையைப் போட்டுக்கொள்ளப் பையும், அணிந்தவரை மறைக்கும் பாதாள தேவனின் தொப்பியும் கிடைக்கின்றன. வேலை முடிந்ததும் செருப்பையும் பையையும் தொப்பியையும் ஹெர்மஸிடம் ஒப்படைத்துவிடுகிறான், மெடூஸாவின் தலையை அதீனாவுக்குக் கொடுத்துவிடுகிறான். இரவல் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்த இந்த ஒரு குணம்தான் அவனைக் காப்பாற்றியது என்பது என் கணிப்பு. பெல்லரோஃபோனுக்கு அந்தப் புத்தி இல்லை. அதீனா தந்த பொன் கடிவாளத்தால் பெகாசஸ் என்ற பறக்கும் குதிரையை அடக்கி, கைமேரா என்ற கொடிய விலங்கைக் கொன்றவன், அதே குதிரையில் தெய்வங்களின் வீட்டுக்கே பறக்கப் பார்த்தான். குதிரை அவனை உதறிவிட்டது என்கிறார் கவிஞர் பிண்டார். எல்லாத் தெய்வங்களாலும் வெறுக்கப்பட்டு, மனிதர் நடமாட்டத்தைத் தவிர்த்து, தன் நெஞ்சையே தின்றுகொண்டு அலைந்தான் என்கிறது ‘இலியட்’.

உடைமை என்ற இரண்டாவது அளவுகோலில் தெய்வத் துணை முற்றாகத் தோற்கிறது. டிராய் நகரின் வீரன் ஹெக்டர் பலியிட்ட காளைகளை எண்ணிப் பார்த்து ஜீயஸே வருந்துகிறார், ஆனால் பொன் தராசில் அவன் தட்டு தாழ்ந்த நொடியில் அப்போலோ விலகிவிடுகிறார். அதுவரை அவனை அகிலீஸிடமிருந்து தப்பி ஓட வைத்ததே அப்போலோ ஊட்டிய வேகம்தான். அடுத்துத் தம்பி டெயிஃபோபஸின் உருவில் அதீனா வந்து, நின்று போரிடச் சொல்கிறாள். ஹெக்டர் எறிந்த ஈட்டி அகிலீஸின் கேடயத்தில் பட்டுத் தெறிக்கிறது. இன்னொரு ஈட்டிக்காக ஹெக்டர் திரும்பித் தம்பியை அழைக்கிறான். பக்கத்தில் ஒருவரும் இல்லை. தெய்வ அருள் நீங்குவது எப்படியிருக்கும் என்பதை இதைவிடக் கச்சிதமாகச் சொன்ன காட்சி எனக்குத் தெரியாது.

மறைமுகச் செலவு என்று பார்த்தால், ஒரு தெய்வத்தின் செல்லப்பிள்ளையாக இருப்பது பக்கத்துத் தெய்வத்தின் கண்ணை உறுத்தும். கி.மு. 428இல் யூரிப்பிடிஸ் அரங்கேற்றிய ‘ஹிப்போலிட்டஸ்’ நாடகத்தில், வேட்டைத் தேவி ஆர்டெமிஸை மட்டுமே வணங்கிய இளைஞனைக் காதல் தேவி அஃப்ரொடைட்டி அழிக்கிறாள். எல்லாம் முடிந்த பிறகு வரும் ஆர்டெமிஸ், ஒரு தெய்வம் விரும்பியதை இன்னொரு தெய்வம் தடுப்பதில்லை, அது எங்கள் வழக்கம் என்கிறாள். அவன் மூச்சு அடங்கப் போகிறது என்று தெரிந்ததும், சாவைப் பார்ப்பது தனக்குத் தகாது என்று கிளம்பிவிடுகிறாள். அஃப்ரொடைட்டிக்குப் பிரியமான வேறொரு மனிதனைக் கொன்று பழி தீர்ப்பதாக ஆறுதலும் சொல்கிறாள். அந்த ஆறுதலில் யாருக்கு என்ன பயன் என்பதை நாடகம் வாசகரிடம் விட்டுவிடுகிறது.

அருள் இரண்டாம் முறை கேட்டுக் கிடைப்பதும் அரிது. காற்றுகளின் காவலன் ஏயோலஸ், எதிர்க்காற்றுகளை எல்லாம் தோல் பையில் அடைத்து வெள்ளிக் கயிற்றால் கட்டிக் கொடுத்தான். 10ஆம் நாள் இத்தாக்காவில் நெருப்பு மூட்டுபவர்கள் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், ஒன்பது நாள் கண்விழித்த ஒடிசியஸ் உறங்கிப்போக, பைக்குள் தங்கம் இருக்கும் என்று தோழர்கள் அவிழ்த்துவிட்டார்கள். திரும்பிப் போய் நின்றபோது, தெய்வங்கள் வெறுப்பவனுக்கு உதவுவது முறையன்று என்று ஏயோலஸ் விரட்டிவிட்டான். முதல் தோல்வியையே தெய்வ வெறுப்பின் சான்றாக எடுத்துக்கொள்ளும் தர்க்கம் இது.

இதுவரை பார்த்ததை ஒரு பார்வையில் வைத்தால்:

| அளவுகோல் | சூழ்ச்சி மட்டும் | தெய்வத் துணை மட்டும் |
|---|---|---|
| நெருக்கடியில் | உடனே கைகொடுக்கும், மனித எல்லைக்குள் | மனித எல்லைக்கு அப்பாலும் கைகொடுக்கும், தெய்வம் விரும்பினால் |
| உடைமை | சொந்தம் | இரவல் |
| பின்வரும் கணக்கு | தோழர், மனைவி மக்கள், சில சமயம் மனித குலமே கட்டும் | மற்றத் தெய்வத்தின் பொறாமை. பெரும்பாலும் அவனே கட்டுவான் |
| ஊரார் மதிப்பு | சந்தேகத்தோடு | தயக்கமின்றி |
| வீடு திரும்புதல் | தனியாக, தாமதமாக | இரவலைத் திருப்பிக் கொடுத்தவனுக்கு மட்டும் |

பொன் ரோமத்தைத் தேடிக் கப்பலேறிய ஜேசன் மூன்றாவது வகை. ஹீரா தேவியின் துணை அவனுக்கு உண்டு, மூளையோ அவன் மனைவி மெடியாவுடையது. அதை அடைந்தது அவளுடைய மருந்தாலும் மந்திரத்தாலும்தான். அவளை உதறியதும் குழந்தைகளையும் இழந்து, கடைசியில் மக்கிப்போன தன் ஆர்கோ கப்பலின் கட்டை விழுந்து செத்தான் என்கிறது கதை. பிறர் மூளையை நம்புவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

## இரண்டையும் சேர்த்துப் பிடித்தால்

ஈசாப்பின் பெயரில் வழங்கும் குட்டிக்கதை ஒன்றில், கப்பல் உடைந்து எல்லோரும் நீந்துகிறார்கள். ஏதென்ஸ் நகரத்துச் செல்வன் ஒருவன் மட்டும் அதீனாவுக்கு அது தருகிறேன், இது தருகிறேன் என்று நேர்ந்துகொண்டிருக்கிறான். பக்கத்தில் நீந்துபவன் சொல்கிறான்: ‘அதீனாவோடு சேர்த்து உன் கையையும் அசை.’ இது கிரேக்கர்களிடையே பழமொழியாகவே நிலைத்துவிட்டது. ஆனால் கையை எப்போது அசைப்பது, அருளை எப்போது ஏற்பது என்பதை அது சொல்வதில்லை. அதற்கு ‘ஒடிசி’யின் 5ஆம் காண்டத்துக்குப் போக வேண்டும்.

கலிப்சோ என்ற தேவியின் தீவிலிருந்து தானே 20 மரங்களை வெட்டிக் கட்டிய தெப்பத்தில் ஒடிசியஸ் தனியாக வருகிறான். பொசைடன் எழுப்பிய புயலில் தெப்பம் சுழல்கிறது. அப்போது லூகோதியா என்ற கடல் தேவி நீர்ப்பறவை போல மேலெழுந்து, தெப்பத்தில் உட்கார்ந்து, தன் முக்காட்டுத் துணியைக் கொடுக்கிறாள்: உடைகளைக் களைந்துவிடு, தெப்பத்தை விட்டு நீந்து, இதை மார்பில் கட்டிக்கொண்டால் சாவில்லை, கரை தொட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு இதைக் கடலில் எறிந்துவிடு. மூழ்கிக்கொண்டிருப்பவன் என்ன செய்ய வேண்டும்? ஒடிசியஸ் சந்தேகப்படுகிறான். ஏதோ ஒரு தெய்வம் எனக்கு வலை பின்னுகிறதோ, கட்டைகள் சேர்ந்திருக்கும்வரை தெப்பத்திலேயே இருப்பேன், அலை அதை உடைத்தெறிந்தால் நீந்துவேன், இதைவிட நல்ல வழி தெரியவில்லை என்று தனக்குள் பேசிக்கொள்கிறான். அவன் துணியை மறுக்கவுமில்லை, உடனே நம்பிக் குதிக்கவுமில்லை. அடுத்த அலையில் தெப்பம் சிதறுகிறது. ஒற்றைக் கட்டையில் குதிரைச் சவாரிபோல ஏறி, உடைகளைக் களைந்து, அப்போதுதான் துணியைக் கட்டிக்கொண்டு பாய்கிறான்.

இரண்டு இரவும் இரண்டு பகலும் கடலில் கழிகின்றன. கரை தெரிகிறது, ஆனால் எல்லாம் செங்குத்துப் பாறை. ஓர் அலை அவனைப் பாறைமேல் வீச, இரண்டு கைகளாலும் பற்றிக்கொள்கிறான். திரும்பும் அலை பிடுங்கி இழுக்கிறது. பொந்திலிருந்து இழுக்கப்பட்ட ஆக்டோபஸின் உறிஞ்சிகளில் கூழாங்கற்கள் ஒட்டிக்கொண்டு வருவதுபோல, அவன் உள்ளங்கைத் தோல் பாறையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது என்கிறார் ஹோமர். விதியையும் மீறி அங்கே செத்திருப்பான், அதீனா அவனுக்கு யோசனை கொடுத்திராவிட்டால் என்றும் சொல்கிறார். அவள் அவனைத் தூக்கிக் கரையில் வைக்கவில்லை. அலை உடையும் கோட்டுக்கு வெளியே நீந்திப் போய் இறங்க இடம் தேடு என்ற எண்ணத்தை மட்டும் தருகிறாள். அருள் அங்கே சூழ்ச்சியின் வடிவத்திலேயே வருகிறது. ஆற்று முகத்துவாரத்தில் கரையேறி மூச்சு திரும்பியவுடன் அவன் செய்யும் முதல் காரியம், துணியை அவிழ்த்து நீரில் விடுவது. லூகோதியா அதைக் கைகளில் வாங்கிக்கொள்கிறாள்.

அதீனா ஏன் இவனை விடாமல் பிடித்திருக்கிறாள் என்பதை 13ஆம் காண்டம் சொல்கிறது. இத்தாக்காவில் கண்விழித்த ஒடிசியஸ், இடைய இளைஞன் வேடத்தில் வந்த தேவியிடம், தான் கிரீட் தீவில் கொலை செய்துவிட்டு ஓடிவந்தவன் என்று கூசாமல் புளுகுகிறான். அவள் கோபப்படவில்லை, சிரித்து, அவனைக் கையால் தடவிக்கொடுத்து, எதிரே ஒரு தெய்வமே வந்தாலும் உன்னை வெல்லக் கெட்டிக்காரத்தனம் வேண்டும் என்கிறாள். மனிதர்களில் நீ, தெய்வங்களில் நான். ஒடிசியஸும் சும்மா இருக்கவில்லை, டிராயை விட்டுக் கிளம்பிய பிறகு உன்னை என் கப்பலில் பார்க்கவே இல்லையே என்று குத்திக் காட்டுகிறான். தந்தையின் உடன்பிறந்தவரான பொசைடனோடு மோத விருப்பமில்லை என்பதே அவள் பதில். மேசையில் உள்ள இரண்டு பண்டங்களில் ஒன்றை எடு என்று கேட்பதில் உள்ள பிழை இங்கேதான் வெளிப்படுகிறது: சூழ்ச்சி இருப்பவனைத் தேடித்தான் இந்தத் தேவி வருகிறாள், வந்தாலும் சொந்தக்காரர்களோடு சண்டை வராத அளவுக்குத்தான் உதவுகிறாள்.

ஒடிசியஸின் மனைவி பெனலப்பியும் இதே வகைதான். மாமனாருக்கு ஈமத்துணி நெய்கிறேன் என்று பகலில் நெய்து இரவில் பிரித்து, தன்னை மணக்கக் கேட்டு வீட்டை முற்றுகையிட்ட 108 பேரை மூன்று ஆண்டுகள் ஏய்த்தவள், அந்த யோசனையை ஏதோ ஒரு தெய்வம் தன் மனத்தில் ஊதியது என்று சொல்கிறாள். நல்ல யோசனை எங்கிருந்து வந்தது என்று தெரியாதபோது நன்றியைத் தெய்வத்துக்குச் சொல்லிவிடுவது பாதுகாப்பானது; ஒடிசியஸ் குகையை விட்டு வெளியே வந்தபோது அவள் உடனிருந்திருந்தால் அவன் வாயைப் பொத்தியிருப்பாள்.

## யாருக்கு எது

எதிரி உன்னைவிடப் பலசாலி, ஆனால் தெய்வமல்ல. இடம் குறுகியது, உதவிக்கு ஆளில்லை, இன்று இரவுக்குள் முடிவு தெரிய வேண்டும் என்றால் சூழ்ச்சி போதும். பெயர் சொல்லிக்கொள்ளாமல் வெளியேறும் அடக்கம் இருக்கிறதா என்பதை மட்டும் முன்கூட்டியே சோதித்துக்கொள்ள வேண்டும். மெடூஸாவைப் போலப் பார்த்தாலே சாவு என்ற வேலையென்றால், அல்லது ஊரார் நாளை உன் வெற்றியைக் கிளறிப் பார்க்கக் கூடாது என்றால், தெய்வத் துணையைக் கேட்பது மேல். ஆனால் வேலை முடிந்த அன்றே இரவல் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அந்தத் தெய்வத்துக்கு ஆகாதவர்களின் பலிபீடத்திலும் ஒரு பிடி தூபம் போட்டுவைக்க வேண்டும். ஹிப்போலிட்டஸுக்கு அவனுடைய முதிய பணியாள் இந்த இரண்டாவது புத்திமதியைத்தான் நாடகத் தொடக்கத்திலேயே சொன்னான். ஒன்றைத்தான் பெறலாம் என்று கட்டாயப்படுத்தினால் நான் சூழ்ச்சியைக் கேட்பேன். அருளைக் கேட்டுப் பெற்றவனிடம் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. சூழ்ச்சி உள்ளவனுக்கு ஓர் அதீனா வந்து சேரக் கூடும்.

அப்படி வந்து சேர்ந்தாலும் குகைக் கணக்கு தீர்வதில்லை. அம்பெய்து பகைவர்களை எல்லாம் கொன்று, ஒலிவ மரத்தில் செதுக்கிய கட்டிலின் ரகசியத்தைச் சொல்லித் தன்னை மெய்ப்பித்து, 20 ஆண்டுகளுக்குப் பின் மனைவியோடு அமர்ந்திருக்கும் இரவிலேயே, இன்னும் அளவில்லாத ஒரு வேலை மிச்சமிருக்கிறது என்கிறான் ஒடிசியஸ். எப்படியும் பின்னால் தெரியத்தானே போகிறது, இப்போதே சொல் என்கிறாள் பெனலப்பி. பாதாளத்தில் குறிசொல்லி டைரீசியஸ் சொன்னதை அவன் சொல்கிறான்: ஒரு துடுப்பைத் தோளில் சுமந்துகொண்டு, கடலையே அறியாத, உணவில் உப்புச் சேர்க்காத மக்களின் ஊரைத் தேடி நடக்க வேண்டும். வழியில் எதிர்ப்படும் ஒருவன் அதைப் பார்த்து, தோளில் இருப்பது பதர் தூற்றும் கருவி என்று சொல்லும் இடத்தில் துடுப்பை நட்டு, பொசைடனுக்கு ஓர் ஆட்டுக்கடாவும் ஒரு காளையும் ஒரு காட்டுப்பன்றியும் பலியிட வேண்டும்.